பழைய 35 எச்.பி. டிராக்டரில் உழவும் பேட்டரி சார்ஜும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மாஸி பெர்குசன் 1035, மஹிந்திரா பி-275 போன்ற பழைய வண்டிகளை இன்னும் உழவுக்கு வைத்திருப்பவர்கள் ஒர்க்‌ஷாப்பில் திரும்பத் திரும்பக் கேட்கும் சந்தேகங்களை இங்கே தொகுத்திருக்கிறோம். கேள்விகள் கேட்டவர்களின் பேச்சிலேயே உள்ளன. கணக்குகளுக்கு 35 எச்.பி. டீசல் எஞ்சின், சுமார் 1,500 கிலோ எடை, 12.4-28 பின் டயர், 12 வோல்ட் பேட்டரி, அதைச் சார்ஜ் செய்யும் 22 ஆம்பியர் டைனமோ என்று எடுத்துக்கொண்டோம். உங்கள் வண்டியில் எண் மாறினால் அந்த எண்ணைப் போட்டுக்கொள்ளுங்கள். தேவைப்படும் கருவிகள் மூன்று: நீளமான அளவு நாடா, மல்டிமீட்டர், ஹைட்ரோமீட்டர் (பேட்டரி ஆசிட்டின் அடர்த்தியை அளப்பது).

35 எச்.பி.ன்னு போட்டிருக்கே, அவ்வளவும் கலப்பைக்குப் போகுமா?

போகாது. 35 என்பது எஞ்சினில் அளந்தது. கியர்பாக்ஸும் டிஃபரன்ஷியலும் கொஞ்சம் தின்னும். வண்டி தன்னையே நகர்த்திக்கொள்ளக் கொஞ்சம் செலவாகும். பெரிய இழப்பு டயருக்கும் மண்ணுக்கும் நடுவில்தான். உழவு நிலத்தில் 17 முதல் 20 எச்.பி. வரை கலப்பைக்குக் கிடைத்தால் வண்டி நல்ல நிலையில் இருக்கிறது.

கலப்பைக்கு எவ்வளவு வேண்டும் என்று பார்க்க ஒரு கணக்கு போதும். இழுவையைக் கிலோவிலும் வேகத்தை மணிக்குக் கிலோமீட்டரிலும் எடுத்து, இரண்டையும் பெருக்கி 270-ஆல் வகுத்தால் எச்.பி. வரும். 600 கிலோ இழுவையில் 4.5 கி.மீ. வேகம் என்றால் 600 × 4.5 ÷ 270 = 10 எச்.பி.

அப்போ என் வண்டி எத்தனை கொழுக் கலப்பை இழுக்கும்?

மண்ணைப் பொறுத்தது. கொழு வெட்டும் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டருக்கும் மணல் கலந்த செம்மண்ணில் சுமார் 0.3 கிலோ, வண்டல் கலந்த நடுத்தர மண்ணில் 0.5 கிலோ, காய்ந்த கரிசலில் 0.8 கிலோவும் அதற்கு மேலும் இழுவை வேண்டும். 12 அங்குல இறக்கைக் கலப்பையில் இரண்டு கொழு என்றால் அகலம் 60 செ.மீ. 20 செ.மீ. ஆழம் போட்டால் 1,200 சதுர செ.மீ. நடுத்தர மண்ணில் 600 கிலோ, அதாவது மேலே பார்த்த 10 எச்.பி. இது தாராளமாக இழுக்கும்.

மூன்று கொழு போட்டால் 900 கிலோ, 15 எச்.பி. எஞ்சின் கணக்கில் முடியும் போலத் தெரியும். ஆனால் வண்டியின் எடை விடாது. காரணம் நான்காவது கேள்வியில் இருக்கிறது. காய்ந்த கரிசலில் இரண்டு கொழுவே 20 செ.மீ. ஆழத்தில் 960 கிலோ கேட்கும். அங்கே ஆழத்தை 13 செ.மீ.க்குக் குறைத்தால் 620 கிலோ சுமாருக்கு வந்துவிடும். ஒரு நல்ல மழைக்குப் பிறகு, மண் பதத்துக்கு வந்ததும் இரண்டாம் தடவை ஆழமாக உழுவது இந்த வண்டிக்கு ஏற்ற முறை.

ஒரு ஏக்கர் உழ எவ்வளவு நேரம் ஆகணும்? டிரைவர் சொல்றதை நம்பலாமா?

கலப்பையின் அகலத்தை மீட்டரில் எடுத்து, வேகத்தால் பெருக்கி, 10-ஆல் வகுத்தால் மணிக்கு எத்தனை ஹெக்டேர் என்று வரும். திரும்பும் நேரம், மேல்விழும் சால் எல்லாம் கழிய 75 முதல் 80 சதவீதம் வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு கொழு இறக்கைக் கலப்பை: 0.6 × 4.5 ÷ 10 = 0.27, அதில் 78 சதவீதம் 0.21 ஹெக்டேர், அதாவது அரை ஏக்கருக்குச் சற்று மேல். ஆக ஏக்கருக்கு ஏறத்தாழ இரண்டு மணி நேரம்.

9 கொத்துக் கலப்பையில் கொத்துக்குக் கொத்து 9 அங்குலம் என்றால் அகலம் இரண்டு மீட்டர். 5 கி.மீ. வேகத்தில் ஏக்கருக்கு அரை மணி நேரம். கால் ஏக்கர், அரை ஏக்கர் துண்டு வயல்களில் திரும்பவே பாதி நேரம் போகும். அங்கே 60 சதவீதம் கிடைத்தாலே நல்லது. டிரைவரைக் கேட்பதற்கு முன் வயலின் நீளத்தைப் பாருங்கள்.

கரிசல்ல டயர் மட்டும் சுத்துது, எஞ்சின் திணறவே இல்ல. எஞ்சின் கோளாறா?

எஞ்சின் நன்றாக இருக்கிறது. பிடிமானம்தான் போதவில்லை. உழவு நிலத்தில் டயர் இழுக்கக்கூடியது பின் சக்கரத்தின் மேல் உள்ள எடையில் ஏறத்தாழ பாதி. வண்டியின் பின் எடை 1,000 கிலோ, கலப்பை உழும்போது பின்னால் மாற்றும் எடை 250 கிலோ என்றால் இழுவை 600 கிலோ சுமாரில் முடிந்துவிடும். 960 கிலோ கேட்கும் கரிசலில் டயர் சுற்றத்தான் செய்யும். இந்த நிலையில் டீசல் பம்ப் சர்வீஸுக்குச் செலவழித்தால் அதே டயர் இன்னும் வேகமாகச் சுற்றும், அவ்வளவுதான்.

எவ்வளவு சுற்றுகிறது என்று அளந்து பாருங்கள். பின் டயரில் சுண்ணாம்புக் கோடு போட்டு, கலப்பையைத் தூக்கிக்கொண்டு அதே நிலத்தில் டயர் 10 சுற்று வரும் தூரத்தை அளக்கவும். பிறகு கலப்பையை இறக்கி உழுதுகொண்டே 10 சுற்று. முதல் தடவை 38 மீட்டர், இரண்டாம் தடவை 32 மீட்டர் என்றால் வித்தியாசம் 6; அதை 38-ஆல் வகுத்தால் கிட்டத்தட்ட 16 சதவீதம் வழுக்கல். 8 முதல் 15 வரை இருப்பது சரியான உழவு. 25-ஐத் தாண்டினால் டீசலில் கால்வாசி டயரைத் தேய்க்கவே போகிறது.

டயர்ல தண்ணி ஊத்தலாமான்னு கேக்குறோம். எவ்வளவு ஊத்தணும்?

புஞ்சை உழவுக்கு ஊற்றலாம். 12.4-28 டயரில் முக்கால் பங்குக்கு ஏறத்தாழ 150 லிட்டர் பிடிக்கும். இரண்டு டயருக்கும் சேர்த்து 300 கிலோ கூடும். பின்பக்கத்தை ஜாக்கியில் தூக்கி, வால்வு உச்சிக்கு வரும்படி சக்கரத்தைத் திருப்பி, வால்வின் உள்ஊசியைக் கழற்றுங்கள். ஓஸ் குழாயில் தண்ணீர் விட்டு, இடையிடையே குழாயை எடுத்து உள்ளே அடைபட்ட காற்றை வெளியேற்றுங்கள். வால்வு வழியே தண்ணீர் வழிந்தால் அளவு சரி. ஊசியைப் போட்டு, உழவுக்கு 12 முதல் 14 பி.எஸ்.ஐ. காற்று அடிக்கவும்.

டயரை முழுக்கத் தண்ணீரால் நிரப்பக் கூடாது. காற்று மெத்தை இல்லாமல் டயர் கல்லாகிவிடும். நஞ்சையில் சேறடிக்கப் போகும் வண்டிக்கு இது வேண்டாம். அங்கே எடை கூடினால் வண்டி புதையும். இரும்புக் கூண்டுச் சக்கரமான கேஜ் வீல்தான் வழி.

எடை போட்ட பிறகு இழுக்க முடிகிறது என்பதற்காகச் சங்கிலியை டாப் லிங்க் (கலப்பையை வண்டியோடு இணைக்கும் மேல் கை) கட்டும் இடத்திலோ பின் அச்சிலோ மாட்டி மரக்கட்டை இழுக்காதீர்கள். முன்சக்கரம் தூக்கி வண்டி பின்னால் கவிழ ஒன்றிரண்டு நொடி போதும். குதிக்க நேரம் இருக்காது. இழுப்பதெல்லாம் கீழே உள்ள இழுவைக் கம்பியான டிராபாரில்தான்.

இதுக்கு நேர்மாறு: டயர் சுத்தல, எஞ்சின்தான் திணறி அணையப் பாக்குது. என்ன பண்றது?

முதலில் கியரைக் குறையுங்கள். சுமை ஏறும்போது எஞ்சின் வேகம் நிமிடத்துக்கு 200 சுற்றுக்கு மேல் குறையாத கியர்தான் உழவுக்குச் சரியான கியர். அடுத்து கொழுவைப் பாருங்கள். முனை மழுங்கி உருண்டுபோன கொழு மண்ணை வெட்டாமல் தள்ளும். இழுவை கூடும், ஆழமும் நிற்காது. கொழு மாற்றுவது பம்ப் வேலையைவிட மலிவு, இருந்தும் அதைக் கடைசியில்தான் செய்கிறார்கள்.

இரண்டும் சரியென்றால் ஏர் கிளீனரின் எண்ணெய்க் கிண்ணத்தைக் கழற்றிச் சேறைக் கழுவி, குறியிட்ட அளவுக்குப் புது எண்ணெய் ஊற்றுங்கள். டீசல் ஃபில்டர் மாற்றி, டீசல் குழாயில் அடைபட்ட காற்றை எடுங்கள். ஆக்சிலரேட்டர் கம்பியைக் கழற்றி, பம்பின் கையை நேரடியாகக் கையால் தள்ளி முழு வேகம் வருகிறதா என்று பாருங்கள். பழைய வண்டிகளில் மூட்டுகள் தேய்ந்து கம்பி முழுசாக எட்டுவதில்லை. கறும்புகை என்றால் காற்று குறைவு அல்லது டீசல் அதிகம். புகையே இல்லாமல் திணறினால் டீசல் வரத்து குறைவு.

ஹைட்ராலிக்ல லிவர் ரெண்டு இருக்கே, உழவுக்கு எது?

இறக்கைக் கலப்பைக்கு டிராஃப்ட் லிவர். ரோட்டவேட்டர், சமன் பலகை போன்றவற்றுக்கு பொசிஷன் லிவர். எழுத்து அழிந்து எது எதுவென்று தெரியவில்லை என்றால், வண்டியை நிறுத்தி, கலப்பை மாட்டி லிவரை நகர்த்துங்கள். லிவர் நிற்கும் இடத்துக்கு ஏற்ப, கலப்பையைத் தூக்கும் கையும் பாதியில் நின்றால் அது பொசிஷன். முழுக்க மேலே, இல்லையென்றால் முழுக்கக் கீழே என்று போனால் அது டிராஃப்ட்.

டிராஃப்ட் லிவர் இயக்குவது ஹாரி பெர்குசன் வடிவமைத்த ஏற்பாடு. 1946-இல் கோவென்ட்ரியில் தயாராகத் தொடங்கிய டி.இ.20 வண்டி இதைப் பரவலாக்கியது. 1956-இல் வந்த பெர்குசன் 35-க்கும், அந்த வழியில் வந்த மாஸி வண்டிகளுக்கும் இதுதான் அடிப்படை. மண் கெட்டியானால் டாப் லிங்க் முன்னோக்கி அழுத்தப்படும். அந்த அழுத்தத்தை ஸ்பிரிங் உணர்ந்து ஹைட்ராலிக் கலப்பையைச் சற்றே தூக்கும். அப்போது கலப்பையின் எடையில் ஒரு பங்கு பின் டயர் மேல் ஏறும். இலகுவான வண்டி இரண்டு கொழு இழுப்பதே இதனால்தான். டாப் லிங்க் பின்னில் ஆட்டம் இருந்தாலோ, ஸ்பிரிங் முனையில் இடைவெளி விழுந்திருந்தாலோ கலப்பை ஆழமும் மேலுமாகத் துள்ளும். அதைக் கண்டு ஹைட்ராலிக் பம்பைப் பிரிக்கச் சொன்னால், முதலில் இந்த ஆட்டத்தை எடுக்கச் சொல்லுங்கள்.

சட்டிக் கலப்பை மண்ணுக்குள்ள இறங்கவே மாட்டேங்குது, மேலேயே உருளுது.

சட்டிக் கலப்பை (டிஸ்க்) தன் எடையால்தான் இறங்கும். கொழு போல உறிஞ்சி இறங்காது. சட்டத்தின் மேல் எடை கட்டுங்கள், விளிம்பைத் தீட்டுங்கள். செல்லும் திசைக்குச் சட்டி வைத்திருக்கும் கோணம் 42 முதல் 45 டிகிரி, பின்சாய்வு 15 முதல் 25 டிகிரி இருக்க வேண்டும். கெட்டி மண்ணில் சாய்வைக் குறைத்து, சட்டியைச் சற்று நிமிர்த்தி வையுங்கள். 35 எச்.பி.க்கு இரண்டு சட்டி போதும்.

காலையில செல்ஃப் அடிச்சா 'டக்'னு சத்தம் மட்டும் வருது. பேட்டரி போச்சா?

பாதி நேரம் பேட்டரி நன்றாகவே இருக்கும். செல்ஃப் மோட்டார் 200 முதல் 400 ஆம்பியர் வரை இழுக்கும். அந்த அளவு ஓட்டத்துக்குப் பச்சை பூத்த டெர்மினலோ பெயின்ட் மேல் முடுக்கிய எர்த் பட்டையோ பெரிய தடை. ஒருவரை செல்ஃப் அடிக்கச் சொல்லி, மல்டிமீட்டரில் மூன்று இடத்தில் அளங்கள். பேட்டரியின் இரு ஈயக் கம்பங்களுக்கு இடையே 9.6 வோல்ட்டுக்குக் கீழே விழுந்தால் பேட்டரி பலவீனம் அல்லது காலி. பேட்டரியின் எர்த் கம்பத்துக்கும் செல்ஃப் மோட்டார் உடலுக்கும் இடையே 0.3 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் பக்கம் கோளாறு. மற்ற கம்பத்துக்கும் செல்ஃபின் பெரிய போல்ட்டுக்கும் இடையே 0.5-ஐத் தாண்டினால் கேபிளிலோ சோலனாய்டிலோ (செல்ஃபுக்கு மின்சாரம் விடும் சுவிட்ச்) கோளாறு.

எர்த் பட்டையைக் கழற்றி, அடியிலுள்ள இரும்பு பளபளக்கத் தேய்த்து, ஸ்டார் வாஷர் போட்டு முடுக்கி, மேலே கிரீஸ் தடவுங்கள். கழற்றும்போது எர்த் பக்கத்தை முதலில் கழற்றவும், மாட்டும்போது கடைசியில் மாட்டவும். பழைய வண்டிகள் சிலவற்றில் பாசிட்டிவ்தான் எர்த். நிறத்தை நம்பாமல், எந்தக் கம்பத்திலிருந்து பட்டை உடம்புக்குப் போகிறது என்று பார்த்துச் செய்யுங்கள்.

பேட்டரி ஃபுல் சார்ஜ்ல 12.65 வோல்ட் இருக்கணும்கிறாங்க. என்னுது 12.5-ஐத் தாண்டவே மாட்டேங்குது.

12.65 என்பது 1.265-க்கு மேல் அடர்த்தியுள்ள ஆசிட் ஊற்றிய குளிர்நாட்டுப் பேட்டரிக்கான எண். வெப்ப நாடுகளுக்கான பேட்டரிகளில் 1.240 அளவிலேயே ஆசிட் ஊற்றுகிறார்கள். அடர்த்தி குறைந்தால் சூட்டில் தட்டுகள் நீடிக்கும். ஒரு செல்லின் ஓய்வு வோல்ட்டேஜ் ஏறத்தாழ அடர்த்தியுடன் 0.84 கூட்டினால் வரும். 1.240-க்கு 2.08, ஆறு செல்லுக்கு 12.48. ஆக உங்கள் பேட்டரி நிறைந்தே இருக்கிறது.

அதே கணக்கில் 1.200 என்றால் 12.24 வோல்ட், சார்ஜ் போட வேண்டிய நேரம். 1.120 என்றால் 11.76; அது காலி. சார்ஜ் போட்ட உடனே அளக்காமல் நான்கைந்து மணி நேரம் கழித்து அளங்கள். ஹைட்ரோமீட்டரில் ஒரு செல் மட்டும் மற்றவற்றைவிட 0.050 குறைந்தால் அந்தச் செல் போய்விட்டது. மொத்த சார்ஜ் கூட்டி அதைச் சரிசெய்ய முடியாது.

வெளி சார்ஜர்ல எத்தனை ஆம்பியர், எவ்வளவு நேரம் போடணும்?

பேட்டரியின் கொள்ளளவான ஏ.எச். (ஆம்பியர்-மணி) அளவில் பத்தில் ஒரு பங்கு. 80 ஏ.எச். பேட்டரிக்கு 8 ஆம்பியர். காலியாக இருந்தால் 12 முதல் 14 மணி நேரம் ஆகும். போட்டதில் ஒரு பகுதி சூடாகவும் வாயுவாகவும் போவதால் 10 மணி நேரக் கணக்கு பொருந்தாது. ஒரு மணி நேர இடைவெளியில் மூன்று தடவை அளந்தும் அடர்த்தி ஏறாவிட்டால் நிறைந்துவிட்டது என்று பொருள். ஒரு மணி நேரத்தில் ஏற்றித் தரும் அவசர சார்ஜ் தட்டிலுள்ள பூச்சை உதிர்க்கும்.

தட்டுக்கு மேல் 10 முதல் 15 மி.மீ. வரை டிஸ்டில்டு வாட்டர் மட்டும் ஊற்றுங்கள். சார்ஜ் இறங்கியதற்காக ஆசிட் ஊற்றுவது தட்டைக் கெடுக்கும். வெளியே கொட்டிப்போயிருந்தால் மட்டுமே ஆசிட். வெளிவருவது ஹைட்ரஜன் என்பதால் அறையைத் திறந்து வையுங்கள். சார்ஜரின் சுவிட்சை அணைத்த பிறகே கிளிப்பை எடுங்கள்.

நாள் பூரா வண்டி ஓடுது, ஆனா மறுநாள் பேட்டரி இறங்கிடுது. செல்ஃப்தான் குடிக்குதா?

செல்ஃப் அவ்வளவு குடிக்காது. 300 ஆம்பியர் ஐந்து நொடி என்றால் 1,500 ஆம்பியர்-நொடி. அதை 3,600-ஆல் வகுத்தால் 0.42 ஏ.எச். 10 ஆம்பியர் சார்ஜில் மூன்று நிமிடத்தில் திரும்பிவிடும். பத்துப் பத்து நொடியாக நான்கு தடவை அடித்தாலும் 3.3 ஏ.எச்.தான்.

சந்தேகிக்க வேண்டியது சார்ஜ் ஆகும் பக்கம். பழைய டைனமோ நிமிடத்துக்கு சுமார் 1,350 சுற்றுக்கு வந்தபின்தான் சார்ஜ் கொடுக்கத் தொடங்கும். முழு 22 ஆம்பியருக்கு 2,200 சுற்று வேண்டும். கிராங்க் புல்லியின் விட்டத்தை டைனமோ புல்லியின் விட்டத்தால் வகுத்து 1.6 வந்தால், எஞ்சின் 850-இல் தொடக்கம், 1,375-இல் முழு அளவு. 600, 700-இல் சும்மா ஓடும் எஞ்சின் ஒன்றும் கொடுக்காது. தாழ்ந்த சுற்றில், உயர்ந்த கியரில் திணறவைத்து உழும் பழக்கம் பேட்டரியையும் பட்டினி போடும்.

சரியான வண்டியில் ஸ்டார்ட் ஆனதும் ஆம்பியர் மீட்டர் 10, 15 காட்டி, அரை மணியில் 2, 3-க்கு இறங்கும். நாள் முழுக்க 15-லேயே நின்றால் பேட்டரியில் செல் ஷார்ட், அல்லது டைனமோவுக்கும் பேட்டரிக்கும் நடுவில் இருந்து சார்ஜைக் கட்டுப்படுத்தும் கட்-அவுட் பெட்டி கட்டுப்பாடு இழந்திருக்கிறது. தண்ணீர் வேகமாகக் குறைந்தால் இரண்டாவதைச் சந்தேகியுங்கள்.

டைனமோ கெட்டதா, கட்-அவுட் கெட்டதான்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?

லூகாஸ் கம்பெனி வகை டைனமோவில் இரண்டு முனை: பெரியது டி, சிறியது எஃப். இரண்டு ஒயரையும் கழற்றி, அந்த இரு முனைகளையும் ஒரு சிறு கம்பியால் இணையுங்கள். மீட்டரை அதற்கும் வண்டி உடம்புக்கும் இடையே வைத்து எஞ்சினை மெதுவாக ஏற்றுங்கள். தடங்கலின்றி 20 வோல்ட் வரை ஏறினால் டைனமோ நன்று. உடனே ஆக்சிலரேட்டரைக் குறைத்துவிடுங்கள், மேலே ஏற்றினால் சுற்று எரியும். ஒரு வோல்ட்டோடு நின்றால் ஃபீல்டு சுற்றில் (உள்ளே நிலையாக இருக்கும் காந்தச் சுருள்) கோளாறு. நான்கைந்து வோல்ட்டில் நின்றால் ஆர்மேச்சரில் (சுழலும் சுருள்) கோளாறு. ஒன்றுமே இல்லையென்றால் கார்பன் பிரஷைப் பாருங்கள், 8 மி.மீ. சுமாருக்குத் தேய்ந்திருந்தால் மாற்றுங்கள். எஃப் முனைக்கும் உடம்புக்கும் இடையே சுமார் 6 ஓம் காட்ட வேண்டும்.

டைனமோ தேறிவிட்டால் ஒயர்களை மறுபடி மாட்டி, கட்-அவுட்டைப் பாருங்கள். அதன் தொடுமுனை 12.7 முதல் 13.3 வோல்ட்டுக்குள் சேர வேண்டும்; எஞ்சின் இறங்கும்போது 8.5 முதல் 11-க்குள் பிரிய வேண்டும். பிரியாமல் ஒட்டிக்கொண்டால் வண்டி நின்ற பிறகு பேட்டரி டைனமோ வழியாகக் காலியாகும். இரவோடு இரவாக இறங்கும் பேட்டரிக்கு இது ஒரு காரணம். அதே பெட்டியில் வோல்ட்டேஜைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டரின் அளவைப் பார்க்க, கட்-அவுட் தொடுமுனைக்கு நடுவே காகிதம் வைத்து டி-க்கும் எர்த்துக்கும் இடையே அளங்கள். 20 டிகிரியில் 16 வோல்ட் சுமார், நம் வெயிலில் 15.5-ஐ ஒட்டி நிற்கும். மீட்டர் இல்லாமல் திருகைத் தொடாதீர்கள்.

டைனமோ ரீவைண்டிங் பண்ணி மாட்டினோம். டெஸ்ட்ல ஓகே, வண்டியில சார்ஜே ஏறல, முள் எதிர்ப்பக்கம் போகுது.

உள்ளே மிச்சமிருக்கும் காந்தம் திசை மாறியிருக்கும். டைனமோவின் எஃப் முனையிலிருந்து ஒயரைக் கழற்றிவிட்டு, பேட்டரியின் எர்த் அல்லாத கம்பத்திலிருந்து ஒரு ஒயரை எஃப் முனையில் இரண்டு மூன்று தடவை கணநேரம் தொடுங்கள். சின்னப் பொறி வரும். ஒயரை மாட்டி ஓட்டிப் பாருங்கள். நீண்ட நாள் நின்று காந்தம் போன டைனமோவுக்கும், எர்த் பக்கம் மாற்றிய வண்டிக்கும் இதையே செய்ய வேண்டும். ஃபீல்டு உள்ளேயே எர்த் ஆகும் லூகாஸ் இணைப்புக்கான முறை இது. வேறு நாட்டு டைனமோவில் இணைப்பு மாறினால் செய்யாதீர்கள், ரெகுலேட்டர் எரியும்.

ராத்திரி உழவுக்கு எத்தனை லைட் போடலாம்?

ஹெட்லைட் 45 வாட் இரண்டு 90, பின்னால் கலப்பை லைட் 35, டெயில் லைட் 10. மொத்தம் 135 வாட். 12-ஆல் வகுத்தால் 11 ஆம்பியருக்குச் சற்று மேல். பேட்டரிக்கு 5 சேர்த்தால் 16. எஞ்சின் 1,400 சுற்றில் ஓடினால் டைனமோ தாங்கும். 1,000 சுற்றில் இழுத்தால் பாதிதான் வரும், மீதியை பேட்டரி கொடுக்கும். ஹாலோஜனில் இன்னும் இரண்டு சேர்ப்பதைவிட 18 வாட் எல்.இ.டி. விளக்குகளுக்கு மாறுங்கள், ஒரு விளக்குக்கு ஒன்றரை ஆம்பியர்தான்.

லைட் எல்லாம் போட்டா, இல்ல ஆல்டர்னேட்டர் மாட்டினா, இழுவை குறையுமா?

உணர முடியாத அளவுக்கு. டைனமோவுக்குப் பதில் மாட்டும் 36 ஆம்பியர் ஆல்டர்னேட்டர் முழு வீச்சில் 14 வோல்ட்டில் 504 வாட் கொடுக்கும். அதன் திறன் 60 சதவீதம் என்றால் எஞ்சினிடமிருந்து 840 வாட், ஒரு எச்.பி.க்குச் சற்று மேல். மழுங்கிய கொழு இதைவிடப் பல மடங்கு தின்னும்.

டைனமோவைத் தூக்கிட்டு ஆல்டர்னேட்டர் போடலாமா?

பகல் உழவு மட்டும் என்றால் டைனமோவே போதும். பிரஷும் பேரிங்கும் மாற்றுவது மலிவு. இரவு வேலை அதிகமாக இருந்தாலோ, அடிக்கடி நிறுத்தி எடுக்கும் டிரெய்லர் ஓட்டமாக இருந்தாலோ ஆல்டர்னேட்டர் நல்லது. அது எஞ்சின் ஐட்லிங்கிலேயே ஓரளவு சார்ஜ் கொடுக்கும்.

முதலில் வண்டி நெகட்டிவ் எர்த்தா என்று உறுதிசெய்யுங்கள். மாறியிருந்தால் டயோடு நொடியில் போகும். பழைய கட்-அவுட் பெட்டியை முழுக்க விலக்க வேண்டும். ஆல்டர்னேட்டரின் பெரிய முனையிலிருந்து 6 சதுர மி.மீ.க்குக் குறையாத ஒயர் ஆம்பியர் மீட்டர் வழியாக பேட்டரிக்குப் போகட்டும். மீட்டர் 30 ஆம்பியர் வரை உள்ளதென்றால் பெரியதாக மாற்றவும். சிறு முனையிலிருந்து சாவி சுவிட்சுக்கு நடுவில் 2.2 வாட் எச்சரிக்கை பல்பு கட்டாயம். அந்த பல்பு வழியாகத்தான் ஃபீல்டுக்கு முதல் மின்சாரம் போகிறது. பல்பு ஃபியூஸ் ஆனால் சார்ஜும் நிற்கும். ஓடும்போது பேட்டரி ஒயரைக் கழற்றிப் பார்க்கும் பழைய 'டெஸ்ட்' இதற்கு ஆகாது. வண்டியில் வெல்டிங் வைக்கும் முன் பேட்டரி, ஆல்டர்னேட்டர் ஒயர்களைக் கழற்றிவிடுங்கள்.

உழும்போது டெம்பரேச்சர் ஏறுது, அன்னைக்குன்னு பாத்து சார்ஜும் ஆகல. ரெண்டு கோளாறா?

ஒன்றுதான்: ஃபேன் பெல்ட். இந்த வண்டிகளில் வாட்டர் பம்ப், ஃபேன், டைனமோ மூன்றையும் ஒரே பெல்ட் சுழற்றுகிறது. தண்ணீரும் சரி, ரேடியேட்டரில் வைக்கோல் தூசியும் இல்லை, இரண்டு முள்ளும் சேர்ந்து தப்பாகக் காட்டுகின்றன என்றால் முதலில் பெல்ட்டைத் தொட்டுப் பாருங்கள்.

நீளமான பக்கத்தின் நடுவில் கட்டைவிரலால் அழுத்தினால் 12 முதல் 20 மி.மீ. அமுங்க வேண்டும். அதைவிட இறுக்கினால் டைனமோ, பம்ப் பேரிங் போகும். இறுக்கியும் வழுக்கினால் பெல்ட் தேய்ந்து புல்லிப் பள்ளத்தின் அடியைத் தொட்டுக்கொண்டிருக்கும். பெல்ட் பக்கவாட்டில்தான் பிடிக்கும், அடியில் பிடிக்காது. புது பெல்ட் போட்டு, இரண்டு மணி நேர உழவுக்குப் பிறகு ஒரு தடவை இறுக்குங்கள்.

லாரி பேட்டரியில இருந்து ஒயர் குடுத்து ஸ்டார்ட் பண்ணலாமா?

லாரி 24 வோல்ட். இரண்டு பேட்டரியிலிருந்தும் சேர்த்து எடுத்தால் செல்ஃபும் பல்பும் கருகிவிடும். 12 வோல்ட் கார், டிராக்டரிலிருந்து எடுங்கள்: பாசிட்டிவுக்கு பாசிட்டிவ், பிறகு கொடுக்கும் வண்டியின் நெகட்டிவிலிருந்து உங்கள் எஞ்சின் உடம்புக்கு. உங்களுடையது பாசிட்டிவ் எர்த் என்றால் இரண்டு வண்டியின் உடம்பும் ஒன்றையொன்று தொடக் கூடாது, ஒயரைப் பேட்டரி கம்பங்களில் மட்டும் கொடுங்கள்.

பேட்டரியே இல்லாம சரிவுல உருட்டி ஸ்டார்ட் பண்ணி உழுதா என்ன?

டீசல் எஞ்சின் ஓட மின்சாரம் தேவையில்லை. கம்பி இழுத்து நிறுத்தும் பழைய வண்டி நாள் முழுக்க ஓடும். ஆனால் டைனமோ ஓடிக்கொண்டே இருந்து பேட்டரி இல்லையென்றால் வோல்ட்டேஜ் எகிறி பல்பு போகும், ஆகவே டைனமோவின் எஃப் ஒயரைக் கழற்றி முனையில் டேப் சுற்றிவிடுங்கள். ஆல்டர்னேட்டர் வண்டியை பேட்டரி இல்லாமல் ஓட்டாதீர்கள்.

பேட்டரி முழுக்கக் காலி என்றால் டைனமோ மிச்சக் காந்தத்தால் தானே எழும்பிச் சார்ஜ் செய்யும். ஆல்டர்னேட்டர் எழும்பாமலே இருக்கலாம். டயருக்கு முன்னால் நின்று ஸ்க்ரூடிரைவரால் செல்ஃப் போல்ட்டை ஷார்ட் செய்து ஸ்டார்ட் செய்வது மட்டும் வேண்டவே வேண்டாம். கியரில் இருந்தால் வண்டி நேராக ஆள் மேல் ஏறும். ஆளைக் கொன்றிருக்கிறது இந்த வழக்கம்.

உழவு முடிஞ்சு மூணு மாசம் வண்டி நிக்கும். பேட்டரியை என்ன பண்ணணும்?

எர்த் பட்டையைக் கழற்றிவிட்டு, நிழலில் வையுங்கள். முழு சார்ஜில் வைத்து மாதம் ஒரு தடவை மேலே சொன்ன பத்தில் ஒரு பங்கு அளவில் சார்ஜ் போட்டால் போதும். பேட்டரியின் மேல்மூடியில் படிந்த ஈரத் தூசி வழியாகவும் மின்சாரம் கசியும். சோடா உப்புக் கரைசலால் துடைத்து, மூடித் துளைகளுக்குள் கரைசல் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். வாரத்துக்கு ஒரு நாள் ஸ்டார்ட் செய்து ஐந்து நிமிடம் சும்மா ஓடவிட்டு அணைப்பது பேட்டரிக்கு உதவாது. அந்தச் சுற்றில் டைனமோ சார்ஜ் கொடுக்காது என்று மேலேயே பார்த்தோம். செல்ஃப் எடுத்தது மட்டும்தான் மிச்சம்.